இளையவர் சொன்ன ஒரு சொல்

நம் திருவண்ணாமலைக்கு விமானம் வருவதில்லை. மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் கால்நடையாக நடப்பதையே பெருமையாகக் கொண்ட நகரம் இது. வடகிழக்கே சென்னை விமான நிலையமும் வடமேற்கே பெங்களூர் விமான நிலையமும் ஏறத்தாழ இருநூறு, இருநூற்று நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. எனினும் விமானம் நமக்கு அயலான பொருள் அன்று. துபாய்க்கும் தம்மாமுக்கும் தோஹாவுக்கும் பிள்ளையை அனுப்பிவிட்டு, அவன் திரும்பும் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கும் இல்லங்கள் நம் தெருக்களில் எத்தனை! மழைக்காலத்தில் அவ்வட்டமிட்ட நாள் வரும்போது தாய்மார் வானத்தைப் பார்க்கிறார்கள். அவர்களுக்காகவும், நாளை அவ்விமானங்களில் ஏறப்போகும் நம் மாணவர்களுக்காகவும் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

2024 நவம்பர் 30 ஆம் நாளை நம் ஊரார் மறந்திருக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் அன்றிரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, நகராமல் நின்று பொழிந்தது. மறுநாள் மாலை அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகர் வீடொன்றின்மேல் விழ, ஏழு உயிர்கள் புதைந்தன, பெரும்பாலோர் குழந்தைகள். அத்துயரத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும். ஈண்டு நாம் சொல்ல வந்தது, அதே புயலின்போது சென்னையில் நிகழ்ந்த ஒன்றை. மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் பக்கக்காற்றில் ஒருபுறம் சாய்ந்தும் மறுபுறம் சாய்ந்தும் இறங்கி, சக்கரம் தரையைத் தொடும் தறுவாயில் மீண்டும் மேலெழுந்து சென்றுவிட்டது. அக்காட்சி நாடெங்கும் கைபேசிகளில் சுற்றியது. ‘மயிரிழையில் தப்பியது’ என்று தலைப்பிட்டார்கள். ‘தரையிறங்க முடியாமல் திணறல்’ என்றார்கள். நாம் அதை அவ்வாறு பார்க்கவில்லை. அன்று அந்த விமானி செய்ததே அவருடைய தொழிலின் உயர்ந்த வினை. இறங்க இயலாதபோது இறங்காதிருத்தல் திணறல் ஆகாது.

இதை ஏன் இத்துணை அழுத்திச் சொல்கிறோம் என்பதற்கு ஓடுபாதையின் ஈரத்தைப் பற்றிச் சிறிது பேச வேண்டியிருக்கிறது. குளத்துப் படிக்கட்டிலும் பள்ளிவாசல் தடாகத்தின் விளிம்பிலும் வழுக்கி விழாத சிறுவன் நம்மில் எவன்? பாதத்துக்கும் கல்லுக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருந்தால் போதும், கல்லின் பிடி அற்றுப்போகிறது. விமானத்தின் சக்கரத்துக்கும் இதே கதிதான். ஈரத்தரையில் ஓடும் சக்கரம் நீரை இருபுறமும் ஒதுக்கிவிட்டுத் தரையைப் பற்றுகிறது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டினாலோ, ஒதுங்குவதற்கு நீருக்கு நேரம் இல்லை. அது சக்கரத்தின் முன்னே ஆப்பாக நுழைந்து அதனைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது. பின்னர்த் தடையை எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை; விமானம் நீரின்மேல் படகாகிறது.

அந்த எல்லை வேகத்தைக் கணக்கிட அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் பொறியாளர்கள் 1960களில் ஓர் எளிய வாய்பாட்டைத் தந்தனர். சக்கரத்தின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் ‘நாட்’ அளவில் வேகம் கிடைக்கும். சிறிய விமானம் ஒன்றின் சக்கர அழுத்தம் 36 பவுண்டு எனில், எல்லை 54 நாட், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். பெரிய விமானத்தின் அழுத்தம் 196 பவுண்டு எனில் எல்லை 126 நாட், மணிக்கு ஏறத்தாழ 233 கிலோமீட்டர். சிறிய விமானம் மெதுவாகத்தானே இறங்குகிறது, அதற்கு ஆபத்துக் குறைவு என்று எண்ணுவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். மெதுவாக இறங்குவதன் நன்மையை மென்மையான சக்கரம் வாங்கிக்கொண்டுவிடுகிறது.

2023 செப்டம்பர் 14 அன்று மும்பையில் நடந்ததை இங்கே நினைவுகூரலாம். விசாகப்பட்டினத்திலிருந்து எட்டுப் பேருடன் வந்த லியர்ஜெட் 45 என்னும் சிறு விமானம் கனமழையில் இறங்கும்போது ஓடுபாதையை விட்டு விலகிச் சறுக்கிச் சிதைந்தது. அந்நேரத்தில் 700 மீட்டருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியவில்லை. எட்டுப் பேரும் காயங்களோடு உயிர் பிழைத்தனர். நாட்டின் மிகப் பெரிய நிலையங்களுள் ஒன்றில், தீயணைப்பும் மருத்துவமும் சில மணித்துளித் தொலைவில் இருந்ததும் அவர்களுடைய நற்பேறே. உடான் திட்டத்தில் சேலத்தைப் போன்றே வேலூரும் நெய்வேலியும் சிறு விமானங்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. சேலத்துக்கு 2018 இல் விமானம் வந்தது, இடையில் நின்றது, 2023 இல் மீண்டும் வந்தது. நம் மாவட்டத்தைச் சுற்றிச் சிறு ஓடுபாதைகள் பெருகப்போகின்றன எனில், அவற்றின் நீளத்தையும் வடிகாலையும் பற்றிக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. திறப்பு விழா என்று என்று மட்டுமே நம்மவர் கேட்கிறார்கள்.

இனிக் கோழிக்கோட்டுக்கு வருவோம். 2020 ஆகஸ்ட் 7. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கொரோனா நோயால் வேலை இழந்தோரும், விசா முடிந்தோரும், கருவுற்ற பெண்டிரும், குழந்தைகளுமாக 184 பயணிகளோடும் பணியாளர் அறுவரோடும் துபாயிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344 ஆம் விமானம், இரவு ஏழே முக்கால் மணியளவில் கரிப்பூரில் இறங்கிற்று. குன்றின் தலையைச் சமன்செய்து அமைத்த மேசை போன்ற ஓடுபாதை அது. இரு முனைகளிலும் பள்ளம். வெளியே கொட்டும் மழை. முதல் முயற்சியில் இறங்க இயலாமல் விமானி மேலே எழுந்து சென்றார். ஆகவே அவர் துணிச்சலை மட்டும் நம்பிய மனிதர் அல்லர் என்பது தெளிவு. விமானப்படையில் பணியாற்றிப் பல்லாண்டு அனுபவம் பெற்றவர். இரண்டாம் முறை எதிர்முனையிலிருந்து இறங்கினார். இப்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. அதன் வேகம் 14 நாட். அவர் பக்கத்துக் கண்ணாடியின் மழைத்துடைப்பான் முதல் முயற்சியிலேயே பழுதாகியிருந்தது. 8,858 அடி நீளமுள்ள ஓடுபாதையில் 4,438 அடியைக் கடந்த பின்னரே சக்கரம் தரையைத் தொட்டது. பாதிப் பாதை வானிலேயே கழிந்துவிட்டது.

உலர்ந்த ஓடுபாதையின் நீளத்தில் நூற்றுக்கு அறுபது பங்குக்குள் நிற்க இயலும் என்று கணக்கிட்ட பிறகே பயணிகள் ஜெட் விமானம் புறப்பட வேண்டும், ஈரமாயின் மேலும் நூற்றுக்குப் பதினைந்து சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் விதி. இவ்விதி வெறும் அச்சத்தால் பிறந்தது அன்று. வேகம் பத்துப் பங்கு கூடினால் நிற்கத் தேவையான தூரம் இருபத்தொரு பங்கு கூடும். பள்ளி இயற்பியலிலேயே படித்திருக்கிறோம். பின்காற்று வேகத்தைக் கூட்டியது. மழை பிடியைக் குறைத்தது. பாதையோ பாதிதான் மிஞ்சியிருந்தது. விமானம் முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து மூன்று துண்டாயிற்று. இரு விமானிகள் உள்ளிட்ட இருபத்தொருவர் மாண்டனர்.

2021 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை, வகுக்கப்பட்ட நடைமுறையை விமானி பின்பற்றாமையே விபத்துக்குக் காரணமாகலாம் என்றது. அவ்வறிக்கையில் நம்மைத் தூங்கவிடாத செய்தி ஒன்று உண்டு. விமானம் தரையைத் தொடும் வேளையில் துணை விமானி, ‘மேலெழுந்து செல்லுங்கள்’ என்ற பொருளில் கூறியிருக்கிறார். விமானத் தலைவர் கேட்கவில்லை. இளையவர் தாமே கட்டுப்பாட்டை ஏற்கவும் இல்லை.

இதே செய்தியை நாம் முன்னரும் படித்திருக்கிறோம். 2010 மே 22 ஆம் நாள் காலை, துபாயிலிருந்து வந்த அதே நிறுவனத்தின் விமானம் மங்களூரின் மேசை ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் எண்மர் மட்டுமே பிழைத்தனர். அன்று மழை இல்லை. பார்வைக்குத் தடையும் இல்லை. அங்கும் துணை விமானி ஒருமுறைக்கு மேல் ‘எழுந்து செல்லுங்கள்’ என்றார். அங்கும் அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. ஆகவே மழையின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது. ஈரம் பிழையைப் பெரிதாக்குகிறது. பிழையின் வேர் அந்தச் சிறு அறையில், இரண்டு நாற்காலிகளுக்கு இடையே இருக்கிறது.

மூத்தவர் தவறும்போது இளையவர் எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியை விமானத்துறை 1977 மார்ச் 27 இல் மிகக் கொடிய முறையில் கற்றது. டெனெரிஃப் தீவில் மூடுபனியில் இரு பெருவிமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டனர். அங்கேயும், ‘மற்ற விமானம் பாதையை விட்டுப் போய்விட்டதா?’ என்று பின்னிருக்கைப் பொறியாளர் ஐயுற்றுக் கேட்டார். நிறுவனத்தின் புகழ்பெற்ற மூத்த விமானி ‘ஆம்’ என்று சொல்லிவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார். அதன் பின்னரே, விமானி அறையில் இளையவர் துணிந்து பேசவும் மூத்தவர் செவிமடுக்கவும் தனிப் பயிற்சி வகுத்தார்கள். அப்பயிற்சி இந்தியாவிலும் உண்டு. பயிற்சி இருந்தும் மங்களூரும் கோழிக்கோடும் நிகழ்ந்தன.

ஏனெனில், விமானி அறைக்கு வரும் இளைஞன் அதற்கு முன் இருபது ஆண்டுகள் நம் இல்லங்களிலும் வகுப்பறைகளிலும் வளர்கிறான். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். நாமும் அவ்வினத்தைச் சேர்ந்தவரே. கரும்பலகையில் நாம் ஆண்டைத் தவறாக எழுதுகிறோம். முன்வரிசை மாணவன் கவனித்துவிடுகிறான். ‘ஐயா’ என்று எழுந்து, நம் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘ஒன்றுமில்லை ஐயா’ என்று அமர்ந்துவிடுகிறான். அந்த ‘ஒன்றுமில்லை’யைக் கற்றுக் கொடுத்தவர் யார்? பெரியோரை மதித்தல் நம் பண்பாட்டின் செல்வம். அதை இழக்கச் சொல்லவில்லை. ஆயின், பெரியவர் பள்ளத்தை நோக்கிப் போகையில் கையைப் பிடித்து இழுப்பதும் மதிப்புத்தானே? ஊர்க்கூட்டத்தில் இளைஞன் ஒருவன் கணக்கைக் கேட்டால், ‘யார் பிள்ளைடா நீ?’ என்கிறோம். அவன் பிற்காலத்தில் எந்த நாற்காலியில் அமர்ந்தாலும் அக்குரல் அவன் காதில் ஒலிக்காமல் இருக்குமா?

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசனுக்குச் சொன்னவை. விமானிக்கும் அவ்வரிசையே போதும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. தன் விமானத்தின் எடையும் தடையின் ஆற்றலும் வலி. மழையும் காற்றும் காலம். ஓடுபாதையின் நீளமும் அதன் முனையிலுள்ள பள்ளமும் இடன். இம்மூன்றில் ஒன்று ஒவ்வாவிடினும் வினையை ஒத்திவைக்க வேண்டும். வகுப்பில் இவ்வதிகாரங்களை நடத்தும்போது பகைவர் கோட்டையை மட்டுமே உவமை காட்டிக்கொண்டிருக்கிறோம்.

விமானியின்மேல் மட்டும் குற்றத்தை ஏற்றிவிட்டு எழுந்துபோவதும் நேர்மை ஆகாது. மாண்டவர் மறுமொழி சொல்ல மாட்டார் என்பதால் அது எளிது. மறுநாள் காலைப் பயணத்துக்கும் அவ்விமானத் தலைவரே பணியில் குறிக்கப்பட்டிருந்தார். கோழிக்கோட்டில் போதிய தலைமை விமானிகளை நிறுவனம் அமர்த்தவில்லை. வேறு ஊரில் இறங்கினால் மறுநாள் பயணம் கெடும் என்ற எண்ணம் அவரை அழுத்தியிருக்கலாம் என்று அறிக்கையே கூறுகிறது. மங்களூர் விபத்துக்குப் பின், மழையில் பின்காற்றோடு கோழிக்கோட்டில் இறங்குவது ஆபத்து என்று பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்த கேப்டன் மோகன் ரங்கநாதன் 2011 இலேயே எழுதி எச்சரித்திருந்தார். அதுவும் கேட்கப்படாத குரல்தான்.

ஓடுபாதையின் முனைக்கு அப்பால் தவறி ஓடும் விமானத்துக்கென விட்டுவைக்கும் பாதுகாப்புப் பரப்பு குறைந்தது 90 மீட்டர் வேண்டும், 240 மீட்டர் இருத்தல் நன்று என்று பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பு கூறுகிறது. இடம் இல்லாத நகரங்களில் எளிதில் நொறுங்கும் இலேசான கான்கிரீட் கட்டிகளைப் பரப்பி வைக்கிறார்கள். விமானத்தின் சக்கரம் அதில் புதைந்து நின்றுவிடும், ஆற்று மணலில் மாட்டு வண்டி நிற்பதைப் போல. 2016 அக்டோபர் 27 இல் நியூயார்க்கில் மழையில் ஓடுபாதையைத் தாண்டிய விமானம் ஒன்றை இப்படுகையே நிறுத்தியது. அதில் இருந்தவர் பின்னர் அமெரிக்கத் துணை அதிபரான மைக் பென்ஸ். அவருக்கு வாய்த்தது கரிப்பூரில் இறங்கிய வேலையிழந்த தொழிலாளிக்கு வாய்க்கவில்லை. விபத்துக்குப் பிறகும் அங்கே 240 மீட்டர் பரப்புக்கு நிலம் எடுப்பது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஓடுபாதையைச் சற்றுக் குறைத்து அப்பரப்பை உண்டாக்கலாம் என்ற யோசனை வந்தபோது, பெரிய விமானங்கள் வாராமல் போய்விடும் என்று எதிர்ப்பும் எழுந்தது. எதிர்த்தவர்களின் கவலை நமக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வாதத்தில் நாம் அவர்கள் பக்கம் இல்லை.

கரிப்பூர் மக்களைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சை முடிக்க மனம் வரவில்லை. அன்றிரவு கொண்டோட்டியும் சுற்றூர்களும் நோய்க் கட்டுப்பாட்டில் இருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்தவரைத் தொடுவதற்கே உலகம் அஞ்சிய காலம். பேரொலி கேட்டதும் அவ்வூரார் மழையில் ஓடினார்கள். எரிபொருள் கசிந்துகொண்டிருந்த விமானத்துக்குள் ஏறி, அடிபட்டோரைத் தம் வண்டிகளிலேயே மருத்துவமனைகளுக்குக் கொண்டுசென்றார்கள். பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளை மார்போடு அணைத்துக்கொண்டு உறவினரைத் தேடினார்கள். இரவோடு இரவாகக் குருதி கொடுக்க வரிசையில் நின்றார்கள். மறுநாள் தாமே தனிமைப்பட்டு வீட்டுக்குள் இருந்தார்கள். பிழைத்தோரும் மாண்டோரின் குடும்பத்தாரும் தம் இழப்பீட்டிலிருந்து பணம் திரட்டி, அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கட்டடம் கட்டித்தர முன்வந்ததாக 2022 இல் செய்தி வந்தது.

அதற்கு முந்தைய இரவில்தான், அதே மழையில், மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது பேர் மடிந்தனர். தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள். விமானத்தில் மாண்டோர் குடும்பத்துக்குக் கேரள அரசு பத்து இலட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு ஐந்து இலட்சம். நம் மலைச்சரிவில் புதைந்தவர்களையும் எண்ணும்போது இக்கணக்கு நெஞ்சை உறுத்துகிறது. கட்டுரையின் வழியிலிருந்து விலகுகிறோம் என்பதை அறிவோம்.

பயணிகளாகிய நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? விமானம் வேறு ஊருக்குத் திருப்பப்பட்டால் பணிப்பெண்ணிடம் கூச்சலிடுகிறோம். ‘பக்கத்து விமானம் இறங்கியதே, இவனால் ஏன் முடியவில்லை?’ என்கிறோம். நம் ஏச்சு விமானி அறைக்குள் கேட்பதில்லை. நிறுவனத்தின் கணக்கேட்டுக்குள் கேட்கிறது. அங்கிருந்து அது விமானியின் தோளுக்கு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவில் நடந்ததைச் சொல்கிறோம். வளைகுடாவிலிருந்து மூன்றாண்டு கழித்து வரும் பிள்ளையை அழைத்துவர, அத்தா, உம்மா, மாமு, சிற்றன்னை பிள்ளைகள் என ஒரு வேன் நிறையச் சென்னைக்குப் போனார்கள். நள்ளிரவில் கொட்டும் மழை. விமானம் சென்னைக்கு மேல் இருமுறை வட்டமிட்டுவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டது. செய்தி கேட்ட உம்மா அழுதார். மாமு விமானியைத் திட்டினார். பிள்ளையோ அங்கேயே இறங்கிக்கொள்ள இசைவு பெற்று, கிருஷ்ணகிரி, செங்கம் வழியாகப் பேருந்தைப் பிடித்துவிட்டான். தேங்கிய நீரில் ஊர்ந்து ஊர்ந்து வேன் நம் தெருவுக்குள் நுழைந்தபோது, அவன் திண்ணையில் அமர்ந்து அண்டை வீட்டார் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தான். வீட்டுச் சாவி மாமுவின் சட்டைப் பையில் இருந்தது.